மலைக்குக் கண் பட்ட கதை

எரிமலை என்றால் எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும் என்று குழந்தைகள் பலர் நம்புகிறார்கள். இது பெரும்பிழை. பெரியவர்கள் சிலரும் நம்புகிறார்கள். இது மன்னிக்க முடியாத பிழை. சில எரிமலைகள் புகையாது, உறுமாது. வெடிப்பதற்கு முன்னால் சத்தமில்லாமல் சற்றே உப்பும்.

அப்படிப்பட்ட மலை ஒன்று ஒரு காட்டில் இருந்தது. அது எரிமலை என்று அங்கே யாருக்கும் தெரியாது. மலையடியில் ஓர் ஆறு; சரிவில் ஒரு குளம்; குளத்தில் ஒரு கொக்கு. ஒரே இடத்தில் நிற்பதே அதன் தொழில் என்பதால் நீர்மட்டம் அதற்கு அத்துப்படி.

ஒருநாள், மழையே இல்லாமல் தண்ணீர் கொக்கின் முழங்காலைத் தாண்டி ஏறியது. எதிர்க்கரையிலோ தண்ணீர் விலகிச் சேறு தெரிந்தது. அந்தப் பக்கத்துச் சரிவு, விருந்து உண்ட வயிறுபோலப் புடைத்திருந்தது.

அங்கேதான் முயலின் வளை.

"கொக்கண்ணே, வளையெல்லாம் விரிசல். தரை வேறு சுடுகிறது. மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு ஆற்றை எப்படிக் கடப்பேன்?" என்றது முயல்.

இருவரும் காட்டின் தலைவரான கரடியிடம் ஓடினார்கள். அதற்குப் பெருமை அதிகம்.

"மலை உப்புகிறதா? அட மக்குக் கொக்கே, அது வளர்கிறது! என் ஆட்சியில் மலைகூட வளர்கிறது! நாளை அந்தச் சரிவிலேயே விழா. காட்டைவிட்டுப் போகிறவன் துரோகி!"

"வயிறு உப்பினால் வளர்ச்சி என்றா சொல்வோம், தலைவரே? அஜீரணம் என்போம்."

"யார் வயிற்றைச் சொல்கிறாய்?" என்று கரடி உறுமியது.

முயல் அழத் தொடங்கியது. கொக்கு சற்றுக் கண்மூடி நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தியது.

"நீங்கள் சொன்னதே சரி. மலை வளர்கிறதுதான். ஆனால், வளர்கிற பிள்ளையை ஊரே கூடி நின்று, 'அடேயப்பா, என்ன வளர்த்தி!' என்று பார்த்தால்..."

கரடிக்கு வியர்த்தது. "கண் பட்டுவிடுமே!"

"அதுவும் பன்றி வேறு விழாவுக்கு வரும்."

"ஐயோ, அந்தப் பயலுக்குக் கொள்ளிக்கண்! எல்லோரும் அக்கரைக்குப் போங்கள், இப்போதே!"

"என் குட்டிகள் இன்னும் கண்ணே திறக்கவில்லையே, தலைவரே," என்றது வெகுளி முயல்.

கொக்கு அதன் காலை மிதித்தது. "திறந்ததும் முதலில் எதைப் பார்க்கும்? மலையைத்தானே?"

கரடி யோசிக்கவில்லை. குட்டிகளைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கியது.

கடைசி ஆளாக ஆமை அக்கரை ஏறிய சிறிது நேரத்தில், புடைத்த சரிவு பிளந்தது. நெருப்புக் குழம்பு பீறிட்டு, குளத்தை விழுங்கி, வளையை மூடி, ஆற்றங்கரையில் வந்து நின்றது.

முயல் குட்டிகளை எண்ணியது. சரியாக இருந்தன. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணியது. பிறகு கொக்கின் காலடியிலேயே சுருண்டு தூங்கிப்போனது.

புகை விலகியபோது மலை பாதி உயரமே இருந்தது. கரடி அதை வெகுநேரம் பார்த்தது. பன்றி இனித் தலை நிமிரக் கூடாது என்று ஆணை பிறந்தது.

பன்றி இன்றும் தரையைப் பார்த்தே நடக்கிறது.

நீதி: வீங்குவதெல்லாம் வளர்வதாகாது.