செம்பஞ்சு அழிந்த பாதங்கள்

நெடுங்காலத்துக்கு முன்பு, மலைகள் இன்னும் பாதிதான் வளர்ந்திருந்த காலத்தில், வெண்குடை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஒரு வழக்கம். ராஜா வீட்டுப் பிள்ளையின் கால், முடிசூடும் நாள் வரை மண்ணில் படக் கூடாது. கட்டிலிலிருந்து ஊஞ்சலுக்குத் தூக்கிப் போவார்கள். ஊஞ்சலிலிருந்து பல்லக்குக்குத் தூக்கிப் போவார்கள். பல்லக்கிலிருந்து மறுபடி கட்டிலுக்கு. ஏன் என்று கேட்டால் "மண் ஒட்டும்" என்பார்கள். ஒட்டினால் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

ராஜா தீரசேனருக்கு ஒரே மகள், பெயர் கோமளை. பதினாறு வயது. பகலெல்லாம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. விளக்கு வைத்ததும் தொடங்கும். கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊரும். கால் உதறும். தூக்கம் போகும்.

வலியா என்றால் வலி இல்லை. அரிப்பா என்றால் அரிப்பும் இல்லை. "உள்ளே எறும்புப் புற்று இருக்கிற மாதிரி இருக்கு" என்பாள். எழுந்து மெத்தைமேல் நடந்தால் ஊர்வது நிற்கும். ஆனால் நாலு எட்டில் கட்டில் முடிந்துவிடும். திரும்பிப் படுத்தால் மறுபடி ஊரும். கால் உதறும். தூக்கம் போகும்.

அரண்மனை வைத்தியர் அமுதநாதர் முதலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து எண்ணெய் தேய்த்தார். அரை ஜாமம் சுகம், அதற்குமேல் இல்லை. அடுத்ததாகப் பட்டுத்துணியால் இரண்டு காலையும் கட்டிலோடு கட்டினார். அன்று இளவரசியோடு சேர்ந்து கட்டிலும் குலுங்கியது. மூன்றாவதாக, ஒரு செவ்வாய்க்கிழமை, ராஜாவிடம் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை உள்ளங்காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டுவிடலாம், மகாராஜா. நரம்பு அடங்கிவிடும். பிறகு கால் ஊன்ற முடியாதுதான். ஆனால் இளவரசி ஊன்றி என்ன ஆக வேண்டும்?"

ராஜா அழுதார். ஆனாலும் சம்மதித்தார். மகள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை காலையில் செம்பி வந்தாள். இளவரசியின் பாதங்களுக்குச் செம்பஞ்சுக் குழம்பு பூசிச் சிவப்பாக்குவது அவள் வேலை. பாதத்தைக் கையில் எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மணி, ராத்திரி எங்கே போயிருந்தீங்க?"

"காலைக் கட்டிப் போட்டிருந்தாங்க செம்பி அக்கா. எங்கே போறது?"

"பின்னே நேத்துப் பூசின சிவப்பு எங்கே? மேலே அப்படியே இருக்கு, அடியில மட்டும் தேஞ்சிருக்கு. மண்ணுல நடந்தாத்தான் இப்படித் தேயும்."

"எத்தனை நாளா இப்படி?"

"நான் வேலைக்கு வந்த நாளா. மெத்தையில உதைச்சுத் தேயுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

கோமளை மெத்தை விரிப்பை விலக்கிப் பார்த்தாள், தலையணையைப் புரட்டிப் பார்த்தாள். எங்கும் வெள்ளை. ஒரு துளி சிவப்பு இல்லை.

"அப்ப அந்தச் சிவப்பெல்லாம் எங்கேதான் போச்சு?" என்றாள்.

பதினாறு வருஷமாகத் தன் காலை நினைத்து அவளுக்குப் பயம்தான் இருந்தது. அன்றுதான் முதன்முதலாக ஆவல் வந்தது. "அக்கா, இன்னைக்கு ரெண்டு மடங்கு தடிமனா பூசு."

வியாழக்கிழமை விடியுமுன் செம்பி ஊரைச் சுற்றி ஓடினாள். வடக்கு வாசலில் ஒன்றும் இல்லை. கிழக்கு வாசலில் ஒன்றும் இல்லை. மேற்கே ஏரிக்கரை மேல் வரிசையாகச் சிவப்புக் காலடிகள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"உங்க கால்தான் அம்மணி! கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். பத்து வருஷமா பிடிச்சுப் பூசுற காலு, எனக்குத் தெரியாதா?"

உடனே பல்லக்கு புறப்பட்டது. தூக்கிகள் நால்வர். முன்னால் பிடித்தவன் மாடப்பன். காலடிகள் ஏரிக்கரையில் தண்ணீர் வரை இறங்கி ஏறியிருந்தன. மாமரத்தடியில் நின்றிருந்தன. ஒரு பாம்புப் புற்றை எட்ட நின்று சுற்றிப் பார்த்திருந்தன. பல்லக்கின் திரையை விலக்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள் கோமளை. "என் கால் என்னென்னவோ பார்த்திருக்கு, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை" என்றாள்.

முள்காடு வந்தது. உள்ளே ஒற்றையடிப் பாதை. பல்லக்கு நின்றது.

"இதுக்கு மேல போகாது தாயே. திரும்பிடலாம்" என்றான் மாடப்பன்.

"நான் இறங்குறேன்."

"ஐயையோ! மண் ஒட்டும்!"

"ஒட்டட்டும்."

"உங்களுக்கு மண் ஒட்டும், சரி. எங்களுக்குக் கழுத்துல தலை ஒட்டாதே!"

"நாலு பேரும் கண்ணை மூடிக்கோங்க. பார்க்காத விஷயத்துக்கு யார் தலையை எடுப்பாங்க?"

நால்வரும் கண்ணை மூடினார்கள். மாடப்பன் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். அதனால்தான் இந்த இடம் நமக்குத் தெரிகிறது. இளவரசி ஒரு காலை வைத்தாள். மண் குளிர்ந்தது. இன்னொரு காலை வைத்தாள். சின்னக் கல் ஒன்று குத்தியது. அவள் சிரித்துவிட்டாளாம்.

பாதையின் முடிவில் ஒரு குடிசை. சுவரில் சாய்ந்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கால்கள் மூங்கில் குச்சிபோல் சூம்பியிருந்தன. நீட்டியிருந்த உள்ளங்கால்கள் இரண்டும் செக்கச்சிவப்பு. அவர்தான் கூகையன், அந்தக் காட்டு மந்திரவாதி.

"வா குழந்தை. உன் காலைத் தேடி வந்தியா?"

"என் கால் என்கிட்டதான் இருக்கு பெரியவரே. என் நடைதான் உங்ககிட்ட இருக்கு போல."

கூகையன் உரக்கச் சிரித்தார். "உங்க அப்பா இந்த அளவுக்கு யோசிச்சிருந்தா இது வந்திருக்காது. நீ பிறந்தப்ப மூச்சு இல்லை. என்னை வண்டியில தூக்கிட்டுப் போனாங்க. மந்திரம் போட்டு மூச்சை வரவழைச்சேன். என்ன வேணும்னு ராஜா கேட்டார். எனக்குப் பிறவியிலேயே கால் விளங்காது. 'இந்தப் பிள்ளை நடக்காம விடுற அடியெல்லாம் எனக்குக் குடுங்க'ன்னேன். ராஜா சிரிச்சார். 'எங்க வீட்டுப் பிள்ளை நடக்கவா போகுது? எல்லாத்தையும் எடுத்துக்கோ'ன்னார்."

"அப்புறம்?"

"பொழுது சாஞ்சதும் நீ மிச்சம் விட்ட அடியெல்லாம் என் காலுக்கு வரும். விடியிற வரைக்கும் நடப்பேன். அடி உன்னுதுங்கிறதால தடமும் சிவப்பும் உன்னுதாவே விழும்."

"நீங்க இங்கே நடந்தா அங்கே எனக்குக் கால் ஊருது. பதினாறு வருஷமா நான் தூங்கலை. நாளைக்கு என் உள்ளங்கால்ல சூடு போடப் போறாங்க."

கிழவரின் சிரிப்பு நின்றது. "அது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. ஆனா வாக்குல கட்டின மந்திரம் இது. என்னாலயும் திருப்பிக் குடுக்க முடியாது, உங்க அப்பாவாலயும் திரும்ப வாங்க முடியாது."

கோமளை கொஞ்ச நேரம் தன் காலில் ஒட்டிய மண்ணையே பார்த்தாள். "நான் நடக்காத அடி உங்களுது. நடந்த அடி?"

"அது உன்னுது."

"அத்தனையும் நானே நடந்துட்டா?"

கூகையன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் வராது" என்றார் மெதுவாக. "அப்புறம் நான் இந்தச் சுவரோடதான்."

"இவ்வளவு நாள் நடந்து என்ன பார்த்தீங்க?"

"ஏரியைப் பார்த்தேன். நரிக்குட்டி விளையாடுறதைப் பார்த்தேன். எல்லாம் இருட்டுலதான். பகல்ல எனக்குக் கால் ஏது?"

அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பும் வழி முழுக்க நடந்தாள். பின்னால் வெறும் பல்லக்கு வந்தது. புற்றருகே "ஏறுங்க தாயே" என்றான் மாடப்பன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். மாமரத்தடியில் "ஏறுங்க தாயே" என்றான். "இன்னும் கொஞ்சம்." ஏரிக்கரையில் கொப்புளம் உடைந்தது. "இப்பவாவது ஏறுங்க தாயே!" "இன்னும் கொஞ்சம்."

விளக்கு வைக்கும் நேரத்தில் அரண்மனை வாசலில் ராஜா நின்றிருந்தார். "மகளே! மண்!" என்று கத்தினார்.

"ஆமாம்ப்பா. நல்லா ஒட்டியிருக்கு" என்றாள். பிறகு கூகையனுக்குக் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினாள். ராஜா அதை மறந்தே போயிருந்தார். ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்துக் கொடுத்ததை யார்தான் நினைவில் வைத்திருப்பார்கள்? வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விளக்கு ஏற்றினார்கள். கட்டிலைச் சுற்றி எல்லோரும் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரவில்லை. உதறவில்லை. தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அமுதநாதர் பழுத்த இரும்போடு வந்தார். அறை வாசலில் ராஜாவே குறுக்கே நின்றார். "சத்தம் போடாதீர். என் மகள் தூங்குகிறாள்." வைத்தியர் காத்திருந்தார். இரும்பு ஆறிப்போனது. மத்தியானம் கோமளை எழுந்தபோது அதை வைத்து என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை.

மண் ஒட்டும் என்ற வழக்கத்தை ராஜா அன்றே எடுத்துவிட்டார். சும்மா கிடந்த பல்லக்கை மறுநாள் கூகையனுக்கு அனுப்பினாள் இளவரசி. "இளவரசி பூ மாதிரி இருப்பாங்க, இந்த ஆள் அம்மிக்கல்லு" என்று மாடப்பன் வழியெல்லாம் முணுமுணுத்தான். ஏரிக்கரை வந்ததும் கிழவர் பல்லக்கை நிறுத்தச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். "தண்ணி நீலமா? கறுப்புன்னுல்ல நினைச்சிருந்தேன்" என்றார். அதன்பின் மாடப்பன் முணுமுணுக்கவில்லை.

கோமளை பின்னாளில் ராணி ஆனாள். சபையில் அதிக நேரம் உட்கார்ந்தால் ராத்திரி கால் லேசாக ஊரத்தான் செய்யும். எழுந்து முற்றத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டுப் படுப்பாள். எழச் சோம்பல்பட்ட நாட்களில் அவள் மிச்சம் விட்ட ஏழெட்டு அடி காட்டுக்குப் போய்ச் சேரும். அன்று கூகையன் வாசல் வரை தானே நடந்து, நிலாவைப் பார்த்துவிட்டு வந்து படுப்பார்.

இவ்வளவுதான் கதை. உட்கார்ந்தே கேட்டவர்கள் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டுப் படுங்கள்.