ராஜா தின்ற இஞ்சி

முன்னொரு காலத்தில் தேன்மலை நாட்டைச் சிங்கமழவராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். ஆண்டுகொண்டிருந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜாவின் பிறந்தநாளன்று அவனைத் தராசில் உட்காரவைத்து, எடைக்கு எடை வெல்லம் நிறுத்தி ஊருக்குப் பங்கிடுவார்கள். ராஜா பெருக்கப் பெருக்க ஊருக்கு வெல்லம் அதிகம். அதனால் "கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஒரு பிறந்தநாளில் தராசுக் கம்பு படீரென்று முறிந்தது. ராஜா வெல்லக் குவியலுக்குள் போய் விழுந்தான். சபையே பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது.

அவமானம் தாங்காமல் அரண்மனை வைத்தியர் திருமேனிநாதரைக் கூப்பிட்டான்.

"கவலையை விடுங்கள் பிரபு! இஞ்சி லேகியம் தருகிறேன். இஞ்சி உள்ளே போனால் நெருப்பு. தாங்கள் மெத்தையில் படுத்திருக்கலாம், கொழுப்பு தானாக எரிந்துவிடும்."

படுத்தே இளைக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? நெய்யும் வெல்லமும் மணக்க லேகியம் வந்தது. ராஜா வழித்து வழித்துத் தின்றான், படுத்தான். பத்து மாதத்தில் இடுப்புப் பட்டையை இரண்டு முறை மாற்ற வேண்டியதாயிற்று.

"என்ன வைத்தியரே இது?" என்று ராஜா உறுமினான்.

வைத்தியர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "லேகியத்தில் குற்றமில்லை பிரபு. இஞ்சியில்தான் நெருப்பில்லை. அதை மலைச்சரிவில் காத்தாயி என்று ஒருத்தி பயிரிடுகிறாள். அவள் தோட்டத்தைப் பிடுங்கி என்னிடம் கொடுங்கள், நெருப்பிஞ்சி விளைத்துக் காட்டுகிறேன்."

காத்தாயியைப் பிடித்து வந்தார்கள். அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு தோட்டம்தான். ராஜாவை ஒரு பார்வை பார்த்தாள். நடந்தே பழகாத, பஞ்சு மாதிரி வெளுத்த அவன் பாதங்களையும் பார்த்தாள்.

"மகாராசா, என் இஞ்சி நல்ல இஞ்சிதான். ஆனா அது பறிச்ச இடத்துலயே தின்னாத்தான் பலிக்கும். நீங்க அரண்மனை வாசல்ல இருந்து கால் மண்ணுல பட நடந்து வந்து, உங்க கையால தோண்டி, சுண்டுவிரல் அளவு மென்னுட்டு, நடந்தே திரும்பணும். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். இளைக்கலேன்னா தோட்டத்தை எடுத்துக்கங்க."

"இவள் இஞ்சியில் எதையாவது கலந்துவிடுவாள்! நானும் தினம் வந்து அதே இஞ்சியைத் தின்று சோதிப்பேன்" என்றார் வைத்தியர்.

"தாராளமா வாங்க சாமி. உங்களுக்கு நிபந்தனை ஒண்ணுமில்ல, பல்லக்குலயே வரலாம்" என்றாள் காத்தாயி. "ரெண்டு பேரையும் இன்னிக்கே எடை போட்டு வச்சிரலாம்."

புதுத் தராசு வந்தது. ராஜா பன்னிரண்டு மணங்கு, வைத்தியர் ஏழு மணங்கு.

முதல் நாள் ராஜா ஒன்பது இடத்தில் உட்கார்ந்தான். காத்தாயியின் ஏழு தலைமுறையையும் திட்டினான். பத்தாம் நாள் மூன்று இடத்தில் உட்கார்ந்தான். இருபதாம் நாள் வழியில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்துவிட்டு அரண்மனையில் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்பதாம் நாள் மலைமேல் நின்றுகொண்டு, "வைத்தியரே! பல்லக்கு இன்னுமா வரவில்லை?" என்று கீழே பார்த்துக் கூவினான். பல்லக்குக்குள் வைத்தியர் ராஜாவைவிட இரண்டு பங்கு இஞ்சி மென்றுகொண்டிருந்தார்.

பிறந்தநாள் வந்தது. ராஜா தராசில் ஏறினான். பதினோரு மணங்கு! முரசு அதிர்ந்தது. ராஜா சந்தோஷத்தில் தட்டிலேயே ஓர் ஆட்டம் போட்டான்.

வைத்தியர் முந்திக்கொண்டார். "இஞ்சி என்று முதலில் சொன்னவன் நான் பிரபு! இப்படிப்பட்ட அற்புத இஞ்சி ஒரு குடியானவளிடம் இருக்கலாமா? அந்தத் தோட்டத்தை எனக்குப் பரிசாகக் கொடுங்கள்."

"கொடுத்தோம்!" என்றான் ராஜா, இருந்த குஷியில்.

காத்தாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தோற்றாலும் தோட்டம் போகும், ஜெயித்தாலும் போகிறதே! உண்மையைச் சொன்னால் தலைக்கே ஆபத்து. ஆனாலும் சொல்லிவிடுவது என்று துணிந்தாள்.

"மகாராசா, வைத்தியரையும் ஒரு தடவை நிறுத்துங்க."

வைத்தியர் ஏறினார். ஏழரை மணங்கு. சபை கொல்லென்று சிரித்தது.

"ஒரே தோட்டம், ஒரே இஞ்சி. அவரு உங்களைவிட ரெண்டு பங்கு தின்னாரு, அரை மணங்கு ஏறிட்டாரு. அதோ, அவர் பல்லக்கைத் தூக்கினவங்க ஒரு துண்டு இஞ்சிகூடத் தின்னல. இடுப்புல வேட்டி நிக்காம இழுத்து இழுத்துக் கட்டுறாங்க பாருங்க. இஞ்சி பசியெடுக்க வைக்கும், உடம்புல கொஞ்சம் சூடு ஏத்தும். அவ்வளவுதான் மகாராசா. இளைச்சது உங்க காலால."

"பார்த்தீர்களா பிரபு! பறித்த இடத்தில் தின்னவேண்டும் என்றது பொய்யாம்! ராஜாவையே ஏமாற்றியிருக்கிறாள்!" என்று துள்ளினார் வைத்தியர்.

ராஜாவின் முகம் இறுகியது. "ஏன் பொய் சொன்னாய்?"

"நடங்கன்னு சொல்லியிருந்தா நடந்திருப்பீங்களா மகாராசா?"

ராஜா யோசித்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். முன்பைவிடக் குறைவாகவே குலுங்கியது.

"தோட்டம் காத்தாயிக்கே. அவள் பரம்பரைக்கும் வரி கிடையாது. நான் இளைத்ததில் ஊருக்கு ஒரு மணங்கு வெல்லம் குறைகிறது. அதை வைத்தியர் தம் செலவில் வாங்கி, தம் தலையில் சுமந்து, நடந்தே வீடு வீடாகக் கொடுக்கட்டும். பல்லக்குக்காரர்களுக்கு இன்று ஓய்வு."

நாலாவது தெருவில் வைத்தியருக்கு நாக்குத் தள்ளியது. வெல்லம் வாங்க வந்த ஒருத்தி, "சாமி, உடம்பு இளைக்க நல்ல மருந்தா ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்டாள்.

"இஞ்சி..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர், பின்னாலேயே ராஜா கைவீசி நடந்து வருவதைப் பார்த்துவிட்டார்.

"...தோட்டம் வரைக்கும் தினம் நடந்துட்டு வாம்மா" என்று முடித்தார்.