இறக்கத்தில் ஏறிய எண்

மலைக்காட்டுச் சுனை ஒன்றில் வெள்ளச்சி என்ற கெண்டை மீன் இருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டும் தெரியும். தன் எழுபத்தொரு பிள்ளைகளையும் காலையும் மாலையும் எண்ணி எண்ணியே அதைக் கற்றுக்கொண்டாள். கூச்ச சுபாவம் வேறு. வெளியாளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் மூன்று தடவை பாறைக்குள் போய்விட்டு வருவாள்.

அந்தக் கோடையில் சுனை வற்றிக்கொண்டே வந்தது. காலையில் நீந்திய இடம் மத்தியானம் சேறாகக் கிடந்தது. இன்னும் ஒரு நாள் தண்ணீர்தான் இருக்கும். அதற்குள் மீன்களை எல்லாம் மலையடிவார ஏரிக்குக் கொண்டு சேர்த்தாக வேண்டும்.

சுனைக்கரை இலவ மரத்தடியில் பிக்கப் வண்டி ஸ்டாண்டு இருந்தது. கரடி சடையனும் காட்டுப்பன்றி கொம்பையாவும் அங்கே பழைய டிரைவர்கள். பலாப்பழம், தேன், மூங்கில் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார்கள். பதினோரு கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவு வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து இறங்குவது அந்த ஸ்டாண்டு வழக்கம். டீசல் மிச்சம் என்பார்கள். நியூட்ரலில் இறங்கத் தெரியாதவனை அங்கே டிரைவர் என்றே சேர்க்க மாட்டார்கள்.

முதல் முறை கொம்பையாவுடையது. அயிரை மீன்களைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பினான். திரும்பி வந்தவன் வண்டியை விட்டு இறங்கவேயில்லை.

"என்ன மாப்ள, இறக்கிட்டியா?" என்று சடையன் கேட்டான்.

"இறக்கிட்டேன். நாலு பேர் எந்திரிக்கல."

"என்னது?"

"புகை எல்லாம் தொட்டிக்குள்ளேயே திரும்பி விழுந்திருக்கு. இன்ஜின் உதறுன உதறலுக்குத் தண்ணி பாதி வெளிய. மூடியைத் திறந்தா வயித்தைக் காட்டி மிதக்குதுங்க. நான் என்ன பண்ணுவேன்?"

சுனையில் ஒரு வாலும் அசையவில்லை. வெள்ளச்சி தன் பிள்ளைகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் எண்ணிப் பார்த்தாள்.

இனி டீசல் வண்டியில் ஏற மாட்டோம் என்று மீன்கள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டன.

அப்போதுதான் குரங்கு தவசி தன் புது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். தவசி மெக்கானிக். வண்டி வந்ததே யாருக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. கொம்பையா துள்ளி விழுந்தான்.

"ஏய், ஆரனாவது அடிக்கக் கூடாதா? உயிரே போச்சு!"

"முழுக்கக் கரண்ட் வண்டிண்ணே. புகை கிடையாது. உதறாது."

"சத்தமே இல்லாம ஒரு பிக்கப்பா? இது என்ன சுமக்கும்? நாலு பூசணிக்காய் வச்சா படுத்துக்கும்."

"உங்க வண்டி சுமக்கிறதை எல்லாம் சுமக்கும். பேட்டரி கனம், அதனால வண்டியும் உங்க வண்டியைவிடக் கனம்."

சடையன் வண்டியைச் சுற்றி வந்தான். சக்கரத்தை ஒரு உதை உதைத்தான். "வழியில கரண்ட் தீந்து போச்சுன்னா? டீசல்னா கேனை எடுத்துக்கிட்டு ஓடலாம். கரண்ட்டை எதுலடா புடிச்சிட்டு வருவே? உன் வால்லயா?"

ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. தவசியும் சிரித்தான். "ஒரு நடை ஓட்டிக் காட்டுறேன். அப்புறம் பேசுங்க."

முதல் நடையில் வயசான மீன்கள் ஏறின. ஓடும்போது பின்கண்ணாடி வழியாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே வர ஒரு ஆள் வேண்டியிருந்தது. வெள்ளச்சிக்குக் கண் கூர்மை. வண்டி எப்படி என்று பார்க்காமல் பிள்ளைகளை ஏற்றவும் அவளுக்கு மனசில்லை. அவளை ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு, முன் சீட்டில் வைத்து, பெல்ட்டையும் போட்டுவிட்டார்கள்.

வண்டி இறங்கியது. தொட்டியில் தண்ணீர் தளும்பவில்லை. டிரைவருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் எழுபது என்று எண் தெரிந்தது. மூன்றாவது வளைவில் அது எழுபத்தொன்று ஆனது. ஐந்தாவது வளைவில் எழுபத்திரண்டு. ஏரிக்கரையில் எழுபத்தாறு.

வெள்ளச்சிக்கு வாய் மூடவில்லை. "அண்ணே..." என்று மெல்ல ஆரம்பித்தாள். ஒரு குமிழி விட்டாள். "அது என்னண்ணே எண்ணு?"

"வண்டியில இருக்கிற கரண்ட் தங்கச்சி."

"ஓடினா குறையணும் இல்லையா? ஏறுதே?"

"இறக்கத்துல காலை எடுத்துட்டோம்னா சக்கரம் மோட்டாரைச் சுத்தும். சுத்துற சுத்துல கரண்ட் ஊறும். அதுவே வண்டியைப் புடிச்சும் வச்சுக்கும். பிரேக்கை நான் தொடவே இல்ல, பாத்தியா? ஆனா கியருக்குப் பதிலா இருக்கிற இந்தத் திருகு குமிழ் ஓட்டத்துலயே இருக்கணும். நியூட்ரலுக்குத் திருப்பிட்டா ஊறவும் ஊறாது, புடிக்கவும் புடிக்காது."

மேலே ஏறி வந்தபோது எண் ஐம்பத்தெட்டு. சுனையில் தண்ணீர் இரண்டு சாணுக்கு வந்துவிட்டது. மிச்சம் இருந்தது வெள்ளச்சியின் பிள்ளைகள் மட்டும்தான். எழுபத்தொரு பேரையும் எண்ணித் தொட்டியில் விட்டு, வலை மூடியை இறுக்கிக் கட்டினார்கள்.

தவசி ஏறப் போனான். சடையன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"இறங்கு. இப்ப என் முறை. மீனுங்க டீசல்ல ஏறாதுன்னா இதையே நான் ஓட்டுறேன்."

"அண்ணே, வண்டி புதுசு. பக்கத்துலயாவது உக்காந்து வாரேன்."

"முறை நடையில இன்னொரு ஆள் ஏறுறது ஸ்டாண்டு வழக்கத்துலயே இல்ல. நீ நட்டு முடுக்குறவன். நான் டிரைவர். இருபது வருஷமா இந்த மலையைக் கண்ணை மூடிக்கிட்டு இறங்குறேன்."

"சரிண்ணே. ஒண்ணே ஒண்ணு. இறக்கத்துல நியூட்ரல் போட்டுறாதீங்க."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றான் சடையன். அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சீட்டைத் தன் வயிற்றுக்குத் தகுந்தபடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கொம்பையா ஒரு கயிற்றைச் சுருட்டித் தன் டீசல் வண்டியில் போட்டான். "நான் பின்னாடியே வாரேன் மாமா. நடுவழியில படுத்துச்சுன்னா கட்டி இழுக்க ஆள் வேணும்ல."

வெள்ளச்சியின் ஜாடி முன் சீட்டிலேயே இருந்தது. வண்டி கிளம்பியது. முதல் வளைவு வந்தது. சடையனின் கை தானாகப் போய்க் குமிழை நியூட்ரலுக்குத் திருப்பியது. அது போனது அவனுக்கே தெரியாது.

வெள்ளச்சிக்குத் தெரிந்தது.

ஜாடிக்குள்ளிருந்து எண்ணைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. இரண்டாவது வளைவிலும் ஐம்பத்தெட்டு. மூன்றாவதிலும் அதேதான். சொல்லலாமா? இருபது வருஷ டிரைவர். எழுத்துத் தெரியாத நாம் போய் அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பதா? சிரிப்பாரே.

நான்காவது வளைவில் தண்ணீர் தொட்டியின் விளிம்பை அடித்தது.

"அண்ணே..."

"என்ன தங்கச்சி, தலை சுத்துதா?"

"இல்லண்ணே. அந்த எண்ணு..."

"அதை நீங்க ஏன் பாக்கிறீங்க? பிள்ளைங்களைப் பாருங்க. வண்டி நல்லாத்தான் வழுக்கிட்டுப் போகுது. தவசிப் பயல் சொன்னது சரிதான், சத்தமே இல்ல."

வெள்ளச்சி வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்தாவது வளைவு தாண்டியதும் ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தது. ஆறாவதில் சடையன் பிரேக்கை இரண்டு தடவை மிதித்தான். ஏழாவதில் எழுந்து நின்று மிதிப்பது போல மிதித்தான். மிதிகட்டை தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. கனமான வண்டி, மேலே தொட்டித் தண்ணீர். ஆறு வளைவு சூட்டில் பிரேக் பிடிமானம் விட்டுவிட்டது.

சடையன் முகத்தில் ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. "தாயே" என்றான்.

பின்னால் கொம்பையாவின் ஆரன் விடாமல் அலறியது. கண்ணாடி வழியாக வெள்ளச்சி பார்த்தாள். பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சுருண்டு, வலையில் மோதி, மறுபடி விழுந்துகொண்டிருந்தார்கள். எதிரே எட்டாவது வளைவு. அதன் சுவர் போன மழைக்காலத்திலேயே பாதி சரிந்து விழுந்துவிட்டது. மிச்சம் வெறும் வானம்.

சடையன் கைப்பிரேக்கைத் தேடித் தடவினான். எழுத்துப் பட்டனை எல்லாம் அமுக்கினான். துடைப்பான் ஓடியது. பாட்டு ஓடியது. குமிழை மட்டும் அவன் கை தொடவில்லை. இறக்கத்தில் அது நியூட்ரலில் இருப்பதுதான் சரி என்று இருபது வருஷமாக அந்தக் கைக்குத் தெரியும்.

வெள்ளச்சிக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. சேற்றுப் பக்கம் போகும் பிள்ளையை அதட்டுகிற குரல்.

"சடையா! குமிழைத் திருப்பு!"

அண்ணனும் இல்லை, மரியாதையும் இல்லை. அதட்டினதும் சடையன் சின்னப் பிள்ளை மாதிரி திருப்பிவிட்டான்.

யாரோ பின்னால் இருந்து வண்டியைக் கட்டிப்பிடித்தது போல இருந்தது. சக்கரம் முனகியது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. திரையில் ஐம்பத்தெட்டு போய் ஐம்பத்தொன்பது வந்தது. எட்டாவது வளைவில், சரிந்த சுவருக்கு ஒரு முழம் உள்ளே, வண்டி ஆமை மாதிரி திரும்பியது.

சடையன் மூச்சு விட மறந்து எண்ணையே பார்த்தான். "ஏறுது" என்றான். "ஏறுதே தங்கச்சி!"

வெள்ளச்சி ஜாடியின் அடிக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள்.

மிச்ச மூன்று வளைவையும் நடக்கிற வேகத்தில் இறங்கினார்கள். ஏரிக்கரையில் சடையன் தொட்டியைச் சாய்த்தான். வெள்ளச்சி தண்ணீரில் இறங்கி எண்ணினாள்.

எழுபது.

மறுபடி எண்ணினாள். எழுபதுதான்.

அவளுக்கு ஏரியே சுழன்றது. முந்தின நடையில் இதே ஏரிக்கரையில் ஒரு அயிரைத் தாய் தன் நாலு பேரைத் தேடி அலைந்தது கண்ணில் வந்தது. முதல் வளைவிலேயே தெரிந்ததே. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்தேனே!

சடையன் தொட்டிக்குள் தலையைவிட்டுத் தேடினான். மூலை முடுக்கெல்லாம் தடவினான். கடைசியில் வலை மூடியை விரித்து உதறப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். ஈரமான மடிப்புக்குள் ஒரு விரல் நீளத்தில் ஏதோ மினுங்கியது. அத்தனை பெரிய நகங்களால் அதைக் கிள்ளாமல், நாக்கு நுனியால் மெல்ல எடுத்துத் தண்ணீரில் விட்டான். அது ஒரு கணம் சாய்ந்து மிதந்தது. பிறகு வாலைச் சுண்டிக்கொண்டு அம்மாவிடம் ஓடியது.

எழுபத்தொன்று.

அதற்குள் கொம்பையா கயிறும் கையுமாக ஓடி வந்தான். "நான் அப்பவே சொல்லல மாமா? கரண்ட் வண்டியை நம்பலாமா? பிரேக் புடிக்கல பாத்தியா!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பழி வண்டிக்குப் போயிருக்கும். ஸ்டாண்டில் ஒருவனும் அதன் பக்கம் திரும்பியிருக்க மாட்டான். சடையன் ஏரியைப் பார்த்தான். வெள்ளச்சி தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி மேல தப்பில்ல மாப்ள" என்றான் சடையன். "தவசி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். அதைத்தான் நான் கேக்கல. நியூட்ரல்ல இறக்கினேன்."

"இறக்கம்னா எல்லாரும் அப்படித்தானே இறக்குவோம்?"

"அதான். அந்தக் கையோடயே இதுல ஏறிட்டேன். தங்கச்சி அதட்டலேன்னா எழுபத்தொரு பேரும் இப்ப பள்ளத்துல."

கொம்பையா வண்டியைப் பார்த்தான். புகை இல்லை, உதறல் இல்லை. காலையில் மிதந்த நாலு அயிரைகளை நினைத்தானோ என்னவோ, கயிற்றைக் கீழே போட்டான்.

"நான் ஒரு தடவை உக்காந்து பாக்கட்டுமா?"

"உக்காரு. மேடு ஏறணும், மெதுவா."

கொம்பையா ஏறி உட்கார்ந்தான். ஏரிக்கரையில் ஒரு சின்னச் சரிவு. வண்டி முன்னால் ஒரு அடி நகர்ந்ததுதான் தாமதம், அவன் கை தானாகக் குமிழுக்குப் போனது.

"கொம்பையா!" என்று ஏரியிலிருந்து ஒரு அதட்டல் வந்தது.

கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கொம்பையா திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளச்சி வெட்கப்பட்டுப் பாறைக்குள் போய்விட்டாள்.

புது வண்டிக்கு மாறுகிறவன் வண்டியை மட்டும் மாற்றினால் போதாது, பழகிப்போன தன் கையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.