பதில் சொல்ல மறுத்த கூழைக்கடா

காட்டு ஏரிக்கரையில் விலங்குகளுக்கென்று ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே படித்தவர்கள் ‘தேக்கிலை’ என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார்கள். பெரிய பச்சைத் தேக்கிலையில் முள்ளால் கீறி எழுதுவார்கள். கீறிய இடம் சிவந்து எழுத்தாகத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் அதைப் புளியமரத்தில் மாட்டுவார்கள். கொக்கு உரக்க வாசிக்கும். காடே கூடிக் கேட்கும்.

பத்திரிகையின் ஆசிரியை முள்ளம்பன்றி முள்ளழகி. எழுதுகோலைத் தேடி அவள் எங்கும் போக வேண்டியதில்லை. முதுகு நிறைய வைத்திருந்தாள். நிருபர் அணில் வரியன். இருவரும் ஒரே வகுப்புதான். வரியன் ஓடுவதில் கெட்டிக்காரன். ஓர் இடத்தில் நின்று விசாரிப்பதில்தான் கொஞ்சம் மட்டம்.

பத்திரிகைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றியாவது குறை எழுதினால், இலையின் அடியில் கால் பங்கு இடம் விட வேண்டும். அவர் சொல்லும் பதிலை அங்கே எழுத வேண்டும்.

அந்தக் கோடையில் ஏரி சேறாகிக் கிடந்தது. குடிக்க இருந்த பள்ளி ஊற்றிலும் தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்தது. தலைமையாசிரியர் யானை உத்தரவு போட்டார்.

“இனிமேல் ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்தான்! கூட எடுக்கிறவர் ஏரியை விட்டே வெளியேற வேண்டும்!”

அப்படியும் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. எல்லோரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை வரியன் ஒரு காட்சியைக் கண்டான். பள்ளியில் மணி அடிக்கும் வேலை கூழைக்கடா பையண்ணனுக்கு. மணி என்று தனியாக எதுவும் இல்லை. அலகைப் பட்பட்டென்று அடிப்பார். பத்து மைல் கேட்கும். அந்தப் பையண்ணன் ஊற்றில் இறங்கினார். தொண்டைப் பை நிறையத் தண்ணீரை மொண்டார். ஒரு சொட்டும் விழுங்காமல் அப்படியே பறந்து போனார்.

“கிடைச்சான் திருடன்!” என்று வரியன் துள்ளிக் குதித்தான்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் வழக்கம்போல் ஒரு பச்சைத் தேக்கிலை கிடந்தது. காடெங்கும் தேக்குகள் இலை உதிர்த்து மொட்டையாக நின்ற காலம் அது. ஆனாலும் வாராவாரம் ஓர் இலை வாசலில் கிடக்கும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசித்ததில்லை. வரியனும் யோசிக்கவில்லை. எடுத்தான், கீறினான்.

‘குடிநீர்த் திருட்டு! தினமும் குடம் குடமாகக் கடத்தும் கூழைக்கடா!’

கடைசியில் கால் பங்கு இடம் மிஞ்சியது. வரியன் அங்கே ஒரே ஒரு வரி எழுதினான்: ‘இதுபற்றிக் கேட்டபோது பையண்ணன் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.’

முள்ளழகி படித்தாள். அவள் முட்கள் மெல்ல எழுந்து நின்றன.

“எத்தனை தடவை பார்த்தே?”

“ஒரு தடவை.”

“அப்புறம் எப்படித் தினமும்?”

“ஒருநாள் எடுத்தவர் மறுநாள் எடுக்க மாட்டாரா?”

“சரி, பதில் சொல்ல மறுத்தார்னு போட்டிருக்கியே. நீ எங்கே வச்சுக் கேட்டே? அவர் என்ன சொல்லி மறுத்தார்?”

வரியன் வாலைச் சுருட்டிக்கொண்டான். “கேட்டாலும் மறுக்கத்தான் போறார்! திருடன் என்ன, ஆமாம்னா சொல்லுவான்?”

“அப்போ நீ கேட்கவே இல்லை! தலைமையாசிரியர் இதைக் கேட்டா, இந்த வெயில்ல அவரைத் துரத்திடுவார்டா. அவர் எங்கே போவார்? போய்க் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் இதை மாட்ட மாட்டேன்!”

“உனக்குப் பொறாமை! இவ்வளவு பெரிய செய்தி உனக்குக் கிடைக்கலைன்னு பொறாமை!” என்று வரியன் கத்தினான். கத்தினாலும் ஆசிரியை அசையவில்லை. முள்ளோடு யார் மல்லுக்கட்டுவது? முணுமுணுத்துக்கொண்டே ஓடினான்.

முந்தின நாள் அவர் பறந்து போன திசையில் ஒரு மேடு. அதற்கு அந்தப் பக்கம் பையண்ணன் நின்றார். அவர் எதிரே ஓர் இளம் தேக்கு. அது ஒன்றுதான் பச்சையாக இருந்தது. அவர் குனிந்து, பையிலிருந்த தண்ணீரை அதன் வேரில் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே... இது ஊற்றுத் தண்ணிதானே?” வரியனின் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“ஆமா தம்பி. எனக்குண்டான ஒரு வாய். நான் ஏரிச் சேற்றுத் தண்ணியைக் குடிச்சுக்குவேன். இது சேற்றுத் தண்ணிக்குத் துளிர்க்க மாட்டேங்குது. இலை இல்லாட்டி உங்க பத்திரிகை நின்னு போயிடுமே!”

“வாசல்ல இலை போடுறது நீங்களா? ஏண்ணே சொல்லலே?”

“யாரும் கேட்கலையே!” என்று சிரித்தார் பையண்ணன். “எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. போன வருஷம் கொக்கு வாசிச்சப்போ, ‘அடைமழையிலும் பையண்ணன் மணி அடிக்கத் தவறவில்லை’ன்னு ஒரு வரி வந்துச்சு. இத்தனை வருஷத்துல என் பேரை ஊர் கேட்டது அன்னிக்குத்தான். நீதான் எழுதினேன்னு சொன்னாங்க. அந்த நன்றி எனக்கு இருக்காதா?”

இடத்தை நிரப்ப அவன் அவசரமாக எழுதிய வரி அது. அவனுக்கே மறந்து போயிருந்தது.

“அப்போ ஊற்றுத் தண்ணி எங்கேண்ணே போகுது?” என்று கேட்டான்.

“ஊற்றோட வடக்குக் கரையில நண்டு வளை ஒண்ணு இருக்கு. அது வழியாக் கசியுது. மேலே பறக்கிறப்போ ஈரம் தெரியுது. ஊற்றைக் காக்குற காவல்காரர்கிட்டச் சொன்னேன். மணி அடிக்கிறவன் பேச்சை யார் கேட்கிறாங்க?”

வரியன் ஓடிப்போய் வடக்குக் கரையைப் பார்த்தான். வளைக்குள் கையை விட்டான். முழங்கை வரை நனைந்தது. அங்கிருந்து ஒரே ஓட்டமாகப் புளியமரத்துக்கு வந்தான். காடே கூடிவிட்டது. முள்ளழகி இன்னும் இலையை மாட்டாமல், தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

இருந்ததோ ஒரே இலை. வரியன் அதை வாங்கி, திருட்டுச் செய்தி முழுவதையும் பல்லால் கடித்துத் துப்பினான். பொய்யாக எழுதிய அந்த ஒரு வரியையும் கிழித்தான். கால் இலை மிஞ்சியது. அதில் நுணுக்கி எழுதினான். கொக்கு வாசித்தது.

‘ஊற்று நீர் நண்டு வளை வழியே கசிகிறது. இதைக் கண்டுபிடித்தவர் பையண்ணன். நீங்கள் கேட்கும் இந்த இலை, தன் பங்குத் தண்ணீரை ஊற்றி அவர் வளர்த்தது. கேட்காமலே அவரைத் திருடன் என்று எழுதினேன். மன்னிக்க வேண்டும். மாட்ட விடாமல் தடுத்த முள்ளழகிக்கு நன்றி. வரியன்.’

யானை அன்றைக்கே களிமண் குழைத்து வளையை அடைத்தார். மூன்றாம் நாள் ஊற்று நிறைந்தது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டத்தின் கடைசியில் நின்ற பையண்ணனோ, கொக்கை இரண்டு முறை திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சந்தோஷம் தாங்காமல், நேரமே ஆகாதபோது பட்பட்டென்று மணி அடித்துவிட்டார். பிள்ளைகள் பள்ளி விட்டதென்று வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். யானையும் கண்டுகொள்ளவில்லை.

வரியன் மட்டும் போகவில்லை. முள்ளழகியின் பக்கத்தில் வந்து நின்றான்.

“பொறாமைன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நீ தடுக்கலேன்னா...”

“அன்னிக்கு என்ன, இன்னிக்குக் காலையிலதான்!” என்று சிரித்தாள் முள்ளழகி. “தேதியைச் சரியாச் சொல்லு, நிருபரே!”

ஒருவரைப் பற்றி ஊருக்குச் சொல்லும் முன் அவரையே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வா என்று நம்மைத் தடுத்து நிறுத்துபவருக்கு என்றும் நன்றியோடு இருக்க வேண்டும்.