சுழன்ற போல்டும் கழன்ற போல்டும்

கோடை வந்தால் ஆறுகூட மெலிந்துபோகும் காடு ஒன்று இருந்தது. அந்தக் காட்டின் ஆற்றங்கரையில் செங்கோடன் என்ற கரடி வாழ்ந்துவந்தது. அதனிடம் ஒரு பழைய லாரி இருந்தது. லாரியின் முதுகில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி.

மலை உச்சியில் மான்கள் குட்டி போட்டிருந்தன. நிற்கவே தள்ளாடும் குட்டிகளை விட்டுவிட்டுத் தாய்கள் ஆற்றுக்கு இறங்கிவர முடியாது. மேலே இருந்த சுனையோ வற்றிவிட்டது. அதனால் ஒவ்வொரு நாளும் காலையில் கரடிதான் தண்ணீர் கொண்டுபோகும். அது பலசாலி. தன் பலத்தை நம்பியே எல்லா வேலையையும் முடித்துவிடும். யாரையும் எதற்கும் கேட்காது.

ஒருநாள் காலை, தொட்டியை நிரப்பிக்கொண்டு புறப்பட்ட லாரி, வழியில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் மோதியது. முன் சக்கரத்துக்கு மேலே இருந்த மட்கார்டு நசுங்கி, அதன் கிழிந்த விளிம்பு டயரில் பதிந்துவிட்டது. வண்டியை நகர்த்தினாலும் டயர் கிழியும், தகட்டைப் பிடித்து இழுத்தாலும் டயர் கிழியும். மட்கார்டைப் பிடித்திருந்த இரண்டு போல்டுகளைக் கழற்றித்தான் அதை எடுக்க வேண்டும்.

"இரண்டே போல்டு. இது ஒரு வேலையா?" என்றது கரடி. ஸ்பேனரை எடுத்து முதல் போல்டில் மாட்டியது.

போல்டு அசையவில்லை. துரு ஏறி, தகட்டோடு தகடாக ஒட்டிப்போயிருந்தது. கரடி காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. ஸ்பேனர் வழுக்கி அதன் விரல்களையே பதம் பார்த்தது. போல்டுத் தலையின் முனைகள் சற்று மழுங்கியதுதான் மிச்சம்.

பக்கத்துப் புற்றில் சிட்டாயி என்ற கீரி குடியிருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தது.

"அண்ணே, கை வலிக்கிறதா?" என்று கேட்டது.

"வலியெல்லாம் ஒன்றும் இல்லை. நீ போய் உன் வேலையைப் பார், தங்கச்சி."

"போகிறேன். ஆனால் போன மழைக்காலத்தில் என் கைவண்டி அச்சாணி இறுகிப்போனபோது, நீங்கள்தானே எண்ணெய் விட்டு ஊற வைத்தீர்கள்? இதற்கு மட்டும் ஏன் எண்ணெய் விடவில்லை?"

கரடிக்குச் சுருக்கென்றது. எண்ணெய் விட வேண்டும் என்பது அதற்குத் தெரியாததா? அவசரம் அறிவை மறைத்துவிட்டது. அது எண்ணெய்க் குவளையை எடுத்து, போல்டைச் சுற்றிலும் சொட்டுச் சொட்டாக விட்டது. காத்திருக்கப் பொறுமை இல்லைதான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டியது. ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்தது; அதன்பின் கழற்றும் பக்கம் திருப்பியது.

கிறீச்சென்று ஒரு முனகல். போல்டு இறங்கி வந்துவிட்டது.

"பார்த்தாயா?" என்றது கரடி. "இனி நானே பார்த்துக்கொள்கிறேன்." நன்றி சொல்ல அதற்குத் தோன்றவில்லை. கீரியும் எதிர்பார்க்கவில்லை, போகாமல் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது போல்டில் ஸ்பேனரை மாட்டியதும் கரடிக்கு முகம் மலர்ந்தது. அது தொட்டவுடனே சுற்றியது. வெண்ணெயில் கத்தி போவதுபோல் அவ்வளவு சுலபமாகச் சுற்றியது.

மரத்தின் மேல் மந்தியப்பன் என்ற குரங்கு உட்கார்ந்திருந்தது. யாரையாவது புகழ்ந்துகொண்டே இருப்பது அதன் குணம். புகழ்ந்தால் பழம் கிடைக்கும் அல்லவா?

"ஆகா, என்ன லாகவம்," என்றது குரங்கு. "உங்கள் கை பட்டால் இரும்பும் இளகும் அண்ணே. சுற்றுங்கள், இதோ வந்துவிடும்."

கரடி சுற்றியது. குரங்கு புகழ்ந்தது. கரடி மேலும் சுற்றியது. வெயில் முதுகுக்கு ஏறியது. போல்டு சூடாகி, துரு வாடை வந்தது.

"அண்ணே, அது வெளியே வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள்," என்றது கீரி.

"சுற்றுவது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?"

"சுற்றுவது தெரிகிறது. வருவதுதான் தெரியவில்லை."

"பொறாமைக்காரர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்," என்றது குரங்கு. "இன்னும் வேகமாகச் சுற்றினால் பறந்து வந்துவிடும்."

கரடி இன்னும் வேகமாகச் சுற்றியது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. கடைசியில் ஸ்பேனரை வைத்துவிட்டு, போல்டின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே தன் நகத்தை நுழைத்துப் பார்த்தது. நகத்தின் நுனிகூட நுழையவில்லை. காலையில் இருந்த இடத்திலேயே போல்டு இருந்தது.

கரடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. மலையை நிமிர்ந்து பார்த்தது. இந்நேரம் தொட்டி காலியாகி, குட்டிகள் ஈர வாயோடு தாயின் நிழலில் படுத்திருக்க வேண்டும். இன்று அவை நாக்கு வறண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனை பலம் இருந்து என்ன செய்ய என்று அதற்கு முதல்முறையாகத் தோன்றியது.

"தங்கச்சி," என்றது மெல்லிய குரலில். "எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ கொஞ்சம் பார்க்கிறாயா?"

கீரி ஒரு வார்த்தையும் குத்திப் பேசவில்லை. சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் புகுந்து மறுபக்கம் போனது. கரடியின் கை நுழையவே முடியாத இடம் அது.

"அண்ணே, ஒரே ஒரு தடவை சுற்றுங்கள்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கரடி சுற்றியது.

"விஷயம் இதுதான். இங்கே போல்டின் முனையில் ஒரு நட்டு இருக்கிறது. நீங்கள் சுற்றினால் இதுவும் கூடவே சுற்றுகிறது. இதை யாராவது அசையாமல் பிடித்தால்தான் போல்டு கழலும்."

"யார் பிடிப்பது?"

"நான் பிடிக்கிறேன். சின்ன ஸ்பேனரை இப்படிக் கொடுங்கள்."

"வேண்டாம் அம்மா. வழுக்கினால் உன் மேல் அடிக்கும். என் கைக்கே அந்த அடி."

"அப்படியானால் வழுக்காமல் திருப்புங்கள். மேலே குட்டிகள் காத்திருக்கின்றன."

கீரி ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் மறுமுனையைத் தன் தோளால் முட்டுக் கொடுத்தது. துருவும் மண்ணும் அதன் கண்ணில் கொட்டின. அது இமையை இறுக மூடிக்கொண்டது. பிடியை மட்டும் விடவில்லை.

கரடி திருப்பியது. இவ்வளவு நேரம் வழுவழுவென்று சுற்றிய போல்டு இப்போது கையை எதிர்த்தது.

"இறுகுகிறதே, தங்கச்சி," என்றது கரடி, பயந்துபோய்.

"இறுகட்டும். எதிர்த்தால்தான் கழல்கிறது என்று அர்த்தம். நிதானமாகத் திருப்புங்கள்."

கரடி தன் வாழ்நாளில் அவ்வளவு மென்மையாக எதையும் திருப்பியதில்லை. கால் சுற்று. அரைச் சுற்று. போல்டின் தலை தகட்டை விட்டு மெல்ல எழும்பியது. கொஞ்ச நேரத்தில் போல்டு கரடியின் உள்ளங்கையில் விழுந்தது. நட்டு கீரியின் மடியில் விழுந்தது. மட்கார்டு தானாகவே தளர்ந்து சாய்ந்தது. டயர் கிழியவே இல்லை.

"நான் அப்போதே சொன்னேன், வந்துவிடும் என்று," என்றது குரங்கு. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கரடி கீரியைத் தூக்கித் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தது. லாரி மலை ஏறியது.

உச்சியில் மான்கள் ஓடிவந்தன. முதல் குடம் குட்டிகளுக்குப் போனது. அவை மூக்கு முழுக நீர் குடிக்கும் சத்தத்தைத் தவிர அங்கே வேறு சத்தமே இல்லை. வேலாயி என்ற தாய்மான் கண் கலங்கியபடி முன்னே வந்தது.

"நீங்கள் வராமல் போயிருந்தால் என் கடைசிக் குட்டி பிழைத்திருக்காது அண்ணே. உங்கள் பலத்துக்குத்தான் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்."

கரடி தலையை ஆட்டியது.

"என் பலம் காலை முழுக்க வீணாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அம்மா. சிட்டாயி மறுபக்கம் நின்று தாங்கியதால்தான் நான் இங்கே வந்து நிற்கிறேன். நன்றி சொல்ல வேண்டியது அவளுக்கு. உன்னோடு சேர்ந்து நானும் சொல்கிறேன்."

அது கீரியின் பக்கம் திரும்பி, தன் பெரிய கைகளைக் குவித்துக் கும்பிட்டது. கீரி துரு விழுந்து சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டது.

வேலாயி அதைக் கவனித்தது. அந்தத் தாய்மான் இன்னும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன் பங்குக்கு வந்த நீரை அப்படியே எடுத்துவந்து, கீரியின் கண்களை முதலில் கழுவிவிட்டது. பிறகுதான் தான் குடித்தது.

நீதி: சுழல்வதெல்லாம் கழல்வதாகாது, மறுபக்கம் தாங்கும் கையைக் கேட்டுப் பெறு, பெற்றபின் அதை மறவாதே.