தூங்குகிறவர் கைக்குச் செதுக்கிய கிட்டார்

பொறுமைபுரத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊரார் சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அவர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். மீதி இது.

அந்த ஊரில் மாசிலாமணி என்று ஒருவன். கோயில்பிள்ளை ஞானசிகாமணியின் மகள் கிறிஸ்டில்டாவை நினைத்து நினைத்தே இளைத்துப்போனவன். தேவாலயத்தில் மணி அடிப்பது, கதவு திறப்பது, பெஞ்சு துடைப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுவது மட்டும் யாரும் சொல்லாமலே அவர் எடுத்துக்கொண்ட வேலை. அவர் பட்டென்று சொல்லிவிட்டார்:

"வருசா வருசம் அசனச் சோத்துக்கு வெங்காயம் உரிக்கிறவனுக்கு எம் மவளக் குடுக்க மாட்டேன். பாட்டுக் குழுவுல நிக்கிறவனுக்குத்தான் குடுப்பேன்."

அசனம் என்றால் ஊருக்கே சமைத்துப் போடும் கோயில் பண்டிகை. அதற்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. மாசிலாமணி பாடினால் தூரத்தில் கட்டியிருக்கும் மாடுகூட மிரண்டுபோய்த் திரும்பிப் பார்க்கும். ஆனால் பாட்டுக் குழுவில் கிட்டாருக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. வாசிக்கத் தெரியுமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் அந்த இடத்துக்குப் பேர் கொடுத்துவிட்டான், கிட்டார்தான் கையில் இல்லை.

அவனுக்கு இரண்டு சிநேகிதர்கள். ஏசுவடியானிடம் மரம் இழைக்கிற இழைப்புளி இருந்தது. தங்கக்கண்ணிடம் யோசனை இருந்தது. மூவருமாகப் பலாப்பலகையில் கிட்டாரின் உடம்பை எப்படியோ செய்து முடித்துவிட்டார்கள். மிஞ்சியது கழுத்து, அதாவது இடது கையால் பிடிக்கிற நீளக்கட்டை. அதற்கு யோசனை கேட்டு, டவுனில் கிட்டார் பழுது பார்க்கும் வின்பிரட் அண்ணாச்சியிடம் போனார்கள்.

அண்ணாச்சி நல்ல மனிதர். வேலையை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"கழுத்துக்குப் பின்பக்கம் மூணு தினுசு உண்டு. உருண்டை, தட்டை, நடுவுல மேடு. புடிச்சத எடுத்துக்கோங்க. அவசரப்படாதீங்க, ஒரு தடவ இழைச்சா பத்து தடவ பிடிச்சுப் பாருங்க. பிடிக்கிற கை விறைப்பா இருக்கக் கூடாது, தூங்குறவன் கை மாதிரி தளர்வா இருக்கணும். அந்தக் கைக்கு ஏத்தாப்புல செதுக்குங்க."

பஸ்ஸில் வரும்போதே விவாதம் தொடங்கிவிட்டது.

"உருண்டை வேண்டாம்லே," என்றான் ஏசுவடியான். "கீழ வச்சா உருண்டு ஓடிரும்."

"தட்டையும் ஆவாது," என்றான் தங்கக்கண். "மழ பெஞ்சா தண்ணி நிக்கும். கோயில் கூரைய எதுக்கு நடுவுல மேடா கட்டிருக்கான்? வெள்ளக்காரன் மடையனா?"

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக இவ்வளவு தூரம் யோசிக்க இரண்டு பேர் இருக்கிறார்களே! மேடு என்றே தீர்மானமாயிற்று.

மறுநாள் ஏசுவடியான் ஒரு தடவை இழைத்தான். மாசிலாமணி பத்துத் தடவை பிடித்துப் பார்த்தான். ஏழாவது தடவையில் யாரோ வந்து சுகம் விசாரித்ததால் எண்ணிக்கை தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து பிடிக்க வேண்டியதாயிற்று. இப்படியே போய் பொழுது சாய்வதற்குள் நாலு தடவைதான் இழைக்க முடிந்தது.

"இது சரிப்படாது," என்றான் தங்கக்கண். "மொதல்லயே ஆயிரம் தடவ பிடிச்சு வச்சிட்டா, பொறவு நூறு தடவ நிம்மதியா இழைக்கலாம்லா?"

அடுத்த இரண்டு நாளும் மாசிலாமணி பிடித்துக்கொண்டே இருந்தான். ஆயிரம் முடிந்தபோது அவன் விரல்கள் மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றுவிட்டன. அப்போதுதான் ஏசுவடியானுக்குக் கடைசி விதி ஞாபகம் வந்தது.

"கை தளர்வா இல்லயே! எலே, தூங்குலே."

மாசிலாமணி படுத்தான். கிறிஸ்டில்டா நினைப்பில் தூக்கம் எங்கே வரும்? கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

"தூங்கிட்டியாலே?"

"ஆமா."

"தூங்கிட்டேன்னு அவனே சொல்லுதான்," என்றான் ஏசுவடியான். தங்கக்கண் குனிந்து கையைத் தொட்டுப் பார்த்தான். விறகுக்கட்டை.

"பொய் சொல்லுதான். அண்ணாச்சி தூங்குறவன் கைன்னுதான சொன்னாரு? இவன் கைன்னு சொல்லலயே. நம்ம ஊருல நல்லாத் தூங்குறவரு யாரு?"

மூவரும் ஒரே குரலில் கோயில்பிள்ளை என்றார்கள்.

மத்தியான மணி அடித்துவிட்டுக் கோயில்பிள்ளை வேப்பமரத்து நிழலில் மல்லாந்திருந்தார். களிமண்ணை உருட்டி அவருடைய இடது கையில் வைத்து விரல்களை மெல்ல மூடினார்கள். அவர் விழித்துக்கொண்டால் மாசிலாமணிக்குப் பெண் கிடைக்காதது இருக்கட்டும், அசனத்தில் வெங்காயம்கூடக் கிடைக்காது. ஆனால் அவர் தூக்கத்திலேயே சிரித்துக்கொண்டு மண்ணை இறுகப் பற்றிக்கொண்டார். அது காயும்வரை மூன்று பேரும் மாறி மாறி அவருக்கு விசிறினார்கள்.

அந்த அச்சைப் பார்த்து இழை இழையாகச் செதுக்கியதில் கழுத்து அற்புதமாக வந்தது. கட்டை விரலுக்கு ஒரு பள்ளம், உள்ளங்கைக்கு ஒரு வளைவு, மழைக்கு ஒரு மேடு.

பண்டிகை அன்று காலை மாசிலாமணி கிட்டாரை எடுத்துப் பிடித்தான். கை பொருந்தவில்லை. எண்ணெய் தேய்த்துப் பார்த்தான். வழுக்கியதுதான் மிச்சம்.

"கிட்டார்ல கொறையில்ல," என்றான் ஏசுவடியான் ஆராய்ந்துவிட்டு. "கைதான் தப்பு. சரியான கையக் கூட்டிட்டு வரணும்."

விஷயத்தை மறைத்து, "ஐயா, இதக் கொஞ்சம் பிடிங்க," என்று கோயில்பிள்ளையிடம் நீட்டினார்கள். அவர் பிடித்தார். அவருக்கும் பொருந்தவில்லை.

"முழிச்சிருக்காருல்லா," என்றான் தங்கக்கண்.

மாசிலாமணி ஓடிப்போய்ப் போதகரின் காலில் விழுந்து, பாட்டைப் பிரசங்கத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னான். பிரசங்கம் தொடங்கியது. இரண்டாம் வசனத்திலேயே கோயில்பிள்ளையின் தலை தொங்கியது. அவரை நாற்காலியோடு தூக்கிவந்து பாட்டுக் குழுவின் நடுவே வைத்தார்கள். மடியில் கிட்டாரை வைத்து இடது கையை எடுத்துக் கழுத்தில் வைத்ததும் அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. மாசிலாமணி பக்கத்தில் நின்று வலது கையால் கம்பியைத் தட்டினான். மறுபக்கம் கிறிஸ்டில்டா அப்பாவின் மூக்கில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டாள். அவர் விழித்துவிடக் கூடாதே என்று மொத்தச் சபையும் கிசுகிசுத்தே துதி பாடியது.

கடைசி ஆமெனை மட்டும் யாரோ உரக்கச் சொல்லிவிட்டார்கள். கோயில்பிள்ளை விழித்தார். மடியில் கிட்டாரைப் பார்த்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதையும் பார்த்தார்.

"நானா வாசிச்சேன்?"

"பாதி நீங்க, ஐயா," என்றான் மாசிலாமணி. "இடது கை உங்களுது. வலது கை என்னுது."

கோயில்பிள்ளை தன் இடது கையையும் அவன் வலது கையையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வலது கை வேறொரு வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவது அவருக்குச் சரியாகப் படவில்லை. அங்கேயே கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டார். கிறிஸ்டில்டா சிரித்த சிரிப்பில் மாசிலாமணிக்கு அத்தனை நாள் இளைப்பும் அன்றே தேறிவிட்டது.

கல்யாணத்தன்றும் கிட்டார் வேண்டும் என்று ஊர் ஒற்றைக்காலில் நின்றது. மகள் கல்யாணமாயிற்றே, அன்றைக்கென்று பார்த்துக் கோயில்பிள்ளைக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை. போதகர் ஒன்றரை மணி நேரம் பிரசங்கித்துப் பார்த்தார். சபை முழுவதும் தூங்கியது, கோயில்பிள்ளை மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். கடைசியில் எல்லாரையும் எழுப்பி, பெண்ணும் மாப்பிள்ளையும் ஊராருமாக அவரைச் சுற்றி நின்று தாலாட்டுப் பாடினார்கள்.

பாதிப் பாட்டில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எல்லாஞ் சரிதான். ஆனா கிட்டார் இல்லாம கேட்டா எப்பிடித் தூக்கம் வரும்?"