வெளியேறுவோர் பட்டியல்

திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் கட்டற்ற மென்பொருள் வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் கமருதீன். வயது முப்பத்து நான்கு. கற்க வருகிறவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். பெரிய நிறுவனங்களின் சேவைகளை விட்டு வெளியே வர நினைக்கிறவர்கள் அங்கே படியேறுவார்கள். அவர்களில் பாதிப்பேர் ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். அவர் யாரையும் கடிந்துகொண்டதில்லை. கடிந்துகொள்ளவும் தெம்பு வேண்டும்.

அன்று வகுப்பு முடிந்தபிறகும் வேதவல்லி எழுந்து போகவில்லை. அவருக்கு ஐம்பத்தேழு வயது. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களுக்கு இருபது வருடமாக ஆலோசகராக இருப்பவர். மாத்திரை தீர்ந்தாலும், மனசு விட்டுப்போனாலும், வீட்டில் அடி விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மொத்தம் எண்பத்து மூன்று பேர்.

"வாத்தியாரே, நான் பழைய இடத்துக்கே போயிர்றேன்" என்றார்.

"டீ சொல்லவா அக்கா?"

"டீயெல்லாம் வேணாம். என்னால முடியல."

அவர் இங்கே வந்து சேர்ந்தது சுகந்தியால். சுகந்தியும் அவர்களில் ஒருத்தி; ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண். எண்பத்து மூன்று பேரும் பத்து வருடமாக ஒரு பெரிய நிறுவனத்தின் செயலியில் ஒரு குழுவாக இருந்தார்கள். ஒருநாள் அந்த நிறுவனம் சுகந்தியின் மேலாளருக்கு, 'இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று சில படங்களை வரிசையாகக் காட்டியது. முதலில் சுகந்தி. பக்கத்திலேயே குழுவில் இருந்த இன்னும் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் தன் நோயைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர், ஊருக்கே தெரிந்தவர். மேலாளர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அடுத்த வாரம் சுகந்திக்கு வேலை இல்லை.

யாரும் எதையும் திருடவில்லை. வேதவல்லி அந்தச் செயலியைப் போட்ட அன்று, 'உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?' என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. அவர் 'சரி' என்று அழுத்தினார்; அவர் போனில் இருந்த எல்லோருடைய பெயரும் எண்ணும் அங்கே போய்விட்டன. அடுப்பில் பால் இருந்ததாம், அவசரமாம். நாம் எல்லோரும் அப்படித்தானே அழுத்தினோம்.

விஷயம் தெரிந்ததும் வேதவல்லிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லோரையும் உடனே வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று கிளம்பினார். 'யார் யார் வருகிறீர்கள்? பெயரும் எண்ணும் போடுங்கள்' என்று ஒரு படிவம் தயார்செய்து குழுவில் அனுப்பினார். அறுபத்தொரு பேர் நிரப்பியபிறகுதான் கமருதீன் அதைப் பார்த்தார்.

"இது என்னக்கா?"

"வெளியேறுறவங்க பட்டியல்."

"எதுல செஞ்சிருக்கீங்க?"

வேதவல்லி திரையின் மேல்மூலையைப் பார்த்தார். அதே நிறுவனத்தின் சின்னம். வீட்டுக்காரனிடம் சண்டை போட்டுக் காலி செய்கிறவர், கூடவே யார் யார் காலி செய்கிறார்கள் என்று அவன் கையிலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார். கமருதீன் சிரித்துவிட்டார், அவரும் சிரித்தார். அது ஒரு வருடத்துக்கு முன்னால்; அப்போது அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

பட்டியலில் பெயர் போட்டவர்கள் அறுபத்தொரு பேர். புதிய செயலிக்கு வந்து சேர்ந்தவர்கள் பதினோரு பேர். அது கமருதீனின் வீட்டு அலமாரிமேல் இருக்கும் ஒரு பழைய கணினியில் ஓடியது.

"தெனம் ஒருத்தர் பாஸ்வேர்டை மறந்துர்றாங்க" என்றார் வேதவல்லி. "படம் போகலங்குறாங்க, மணி அடிக்கலங்குறாங்க. வராத எழுபத்திரண்டு பேருக்கும் நான் ஒவ்வொருத்தராப் போன் போட்டுச் சொல்றேன். தொண்டை கட்டிப்போச்சு. அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியல."

போன வாரம் நீண்ட மின்தடை. பேட்டரி தீர்ந்து அந்தக் கணினி நான்கு மணி நேரம் நின்றுபோனது. மருந்து மையத்தை அன்று மதியத்தோடு மூடுகிறார்கள் என்று வேதவல்லி அனுப்பிய செய்தி, பதினோரு பேரில் ஒருவரான செபஸ்தியானுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவர் போனபோது மையம் பூட்டியிருந்தது. இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தார். ஒருநாள்கூட விடக்கூடாத மாத்திரை அது.

"என் தப்புதான்" என்றார் கமருதீன்.

"யார் தப்பா இருந்தா என்ன? அங்க இருந்திருந்தா அந்த மெசேஜ் போயிருக்கும்."

"போயிருக்கும்."

அவர் மறுத்திருந்தால் வேதவல்லி சண்டையாவது போட்டிருப்பார். இப்படி ஒத்துக்கொண்டதில் அவருக்கு அழுகைதான் வந்தது.

"அப்ப நான் போகலாமா?"

"போங்கக்கா. போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பதினோரு பேரையும் கேளுங்க. உங்க பேரை மறுபடியும் அங்க குடுக்கலாமான்னு."

"குழுவுல ஒரே மெசேஜாப் போட்டுர்றேன்."

"மெசேஜ் வேணாம். ஒவ்வொருத்தராப் பேசுங்க."

"என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? 'நீங்க சொன்னாச் சரிக்கா'ம்பாங்க."

"அப்படிச் சொன்னாலும் சொல்லலாம்."

அடுத்த ஞாயிறு வேதவல்லி வகுப்புக்கு முன்பே வந்துவிட்டார். கமருதீன் தரையில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய பெரிய பேட்டரிக்கு வயர் முறுக்கிக்கொண்டிருந்தார். பார்க்க அவரும் சரியாகத் தூங்கியவர்போல இல்லை.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். எட்டுப் பேர் நான் சொன்ன மாதிரியே 'நீங்க சொன்னாச் சரிக்கா'ன்னாங்க. ஒருத்தி, 'நான் எப்பக்கா அங்கேருந்து வந்தேன்?'னு கேக்குறா. ரெண்டு இடத்துலயும் இருந்திருக்கா."

கமருதீன் தலையாட்டினார்.

"சுகந்தி?"

 வேதவல்லி கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

"'குடுத்துக்குங்கக்கா. இனிமே மறைக்க என்கிட்ட என்ன இருக்கு?'ன்னா. கோவமாக்கூடச் சொல்லல வாத்தியாரே. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல."

"செபஸ்தியான் அண்ணன்?"

"அவருக்குத்தான் கடைசியாப் போட்டேன். ரெண்டு நாள் மாத்திரை இல்லாமக் கெடந்தவர், அவர்தான் மொதல்ல சரிம்பார்னு நெனச்சேன். 'வேணாம்க்கா'ன்னுட்டார். 'என் பொண்ணு காலேஜ்ல சேர்ந்திருக்கு. அதுகூடப் படிக்கிற புள்ளைங்க போன்ல, சுகந்தி படம் வந்த மாதிரி என் படம் வந்து நிக்கக் கூடாது. மாத்திரை வேணும்னா நான் வந்து உங்க வாசல்ல நின்னு கேட்டுக்கிறேன்'ங்கறார்."

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடத் தொடங்கியது. 

"பத்துப் பேர் சரின்னுட்டாங்க" என்றார் கமருதீன். "போகலாமேக்கா."

"எப்படிப் போறது? அந்த மனுசனை மட்டும் இங்க தனியா விட்டுட்டா?" வேதவல்லியின் குரல் உயர்ந்தது. "அந்த ஒருத்தருக்காக இந்த பாஸ்வேர்டு, இந்த பேட்டரி, இந்த எழுபத்திரண்டு போனு, எல்லாத்தையும் இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டி அழறது? பதினோரு பேரைக் கேட்டதுக்கே ஒடம்பு விட்டுப்போச்சு. அங்க பத்து வருசம் எண்பத்து மூணு பேரை வச்சுப் பாத்தேன். ஒருநாள்கூட இப்படிக் களைச்சுப்போனதில்ல. அது ஏன் வாத்தியாரே?"

கமருதீன் வயரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்தார். பேட்டரியின் முனையில் அதைச் சுற்றி இறுக்கினார்.

"அங்க நாம ஒருத்தரையும் கேக்கலயேக்கா."